இடது சீட்டின் எடை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வண்டியில் வேலைக்குப் போனேன், இவர் ஓட்ட. முப்பத்தைந்து நிமிடம். முதுகு வலிக்கவில்லை.

இப்படி ஒரு வரி எழுதி நான்கு வருடம் இருக்கும். தராசுகளைச் சரிபார்க்கிற உத்தியோகத்தில் இருபது கிலோ இரும்பு எடைக்கற்களைத் தூக்கித் தூக்கியே டிஸ்க் நகர்ந்துவிட்டது. பஸ் சீட், ஆபீஸ் நாற்காலி, வீட்டு சோபா எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. போன மாதம் இந்த வண்டியைப் பார்க்கப் போனபோது, விற்பவரும் இவரும் பானெட்டைத் திறந்து வைத்துப் பேசி முடிக்கிற வரைக்கும் நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம். எழுந்தபோது வலி இல்லை. "இதையே வாங்கிடலாம்ங்க" என்று சொன்னது நான்தான். அது எழுத்தில் இருக்கட்டும். நாளைக்குப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, ஒரு பெட்டி வைக்க இடம் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர். இவருக்கு வாழ்நாள் ஆசை. வாரம் முழுக்க மேஜையில் குனிந்து பல் செட் செய்கிற மனிதர், ஒரு நாளாவது ரேஸ் ட்ராக்கில் சுற்ற வேண்டும் என்கிறார். "அஞ்சு நாள் ரோடு, ஞாயித்துக்கிழமை ட்ராக். ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி நானே செட் பண்றேன். உன் முதுகுக்கு நான் பொறுப்பு."

என் முதுகுக்கு ஒருவர் பொறுப்பேற்று வெகுநாள் ஆகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

புது ஷாக் அப்சார்பர் நான்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. திருகினால் கிளிக் கிளிக் என்று சத்தம். "நாலு கிளிக்ல வெச்சா ரோடு, மெத்துனு இருக்கும். பதினொண்ணுல வெச்சா ட்ராக். ஞாயித்துக்கிழமை காலையில இறுக்குவேன், திரும்பி வந்ததும் தளர்த்திடுவேன். அவ்வளவுதான்." என்னைக் குனிய வைத்து அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க வைத்தார்.

பிறகு தெருமுனை வேகத்தடையின் மேல் மூன்று தடவை ஏற்றி இறக்கினார். "வலிக்குதா? இப்ப? இப்பச் சொல்லு." பல் செட் மாட்டிக்கொண்டவரிடம் எங்கே இடிக்கிறது என்று கேட்கிற அதே குரல். ஸ்பிரிங்கை எனக்காகவே ஒரு படி மென்மையானதாகத் தேர்ந்தெடுத்தாராம்.

சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

ஸ்டாப்வாட்ச் வந்திருந்தார். இவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். கழுத்தில் எப்போதும் அது தொங்கும்; டீ குடிக்கும்போதும் கழற்றமாட்டார். ட்ராக்கில் இவர் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறிப்பவர் அவர்தான்.

"ரெண்டு செகண்ட் எங்கயோ போகுதுடா. தேவையில்லாத வெயிட்டைச் சுமந்துக்கிட்டுத் திரியறே."

அவர் இதைச் சொன்னபோது நான் இடது சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பாராமலும் சொல்லவில்லை.

சாயங்காலம் இவர் கேட்டார், "உன் ஆபீஸ் தராசு ஒண்ணு கிடைக்குமா?" மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வண்டியிலிருந்து கழற்றியவை: ஸ்டெப்னி 11 கிலோ 200. ஜாக்கி 2 கிலோ 950. தரைவிரிப்பு 6 கிலோ 850. ரேடியோவும் இரண்டு ஸ்பீக்கரும் 3 கிலோ 120.

கிராம் வரைக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "உன்னை மாதிரி ஒருத்தி யாருக்குடி கிடைப்பா" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. தரைவிரிப்பு போனதும் வண்டிக்குள் இரைச்சல் எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

மார்ச் 3, திங்கள்

திருகைத் தளர்த்த மறந்துவிட்டாராம். பதினொன்றிலேயே ஆபீஸ் வரை போனேன். மதியம் மாத்திரை போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்றும். "மறந்துட்டேம்மா."

மார்ச் 17, திங்கள்

காலையில் கோணியை விரித்துப் படுத்து நானே தளர்த்தினேன். முன்சக்கரம் இரண்டும் எளிது, பின்னால் இருப்பவற்றுக்கு வண்டிக்கு அடியில் பாதி உடம்பு போக வேண்டும். ஏழு கிளிக், நான்கு தடவை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பம்பரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் முட்டி போட்டிருந்தேனோ.

இவர் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே வந்தார். கை கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எண்ணினியா? நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

இருபத்திரண்டு வருடமாக எண்ணுவதற்குத்தானே எனக்குச் சம்பளம். எண்ணினேன் என்றேன்.

மார்ச் 22, சனி

ஏ.சி. போயிற்று. குழாய், கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து 14 கிலோ 600. "கூரையைத் திறந்துக்கலாமே, இயற்கைக் காத்து." முன்னால் போகிற லாரியின் புகையும் இயற்கையில் சேர்த்தியா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தால் நான் விட்டுவிடுவேன் என்று தெரியும்.

மார்ச் 29, சனி

இவருடைய பக்கத்துக்கு மட்டும் ட்ராக் சீட்டு வந்தது, தொட்டி மாதிரி. அதற்குள் உடம்பின் அச்சு எடுக்க வேண்டும். சீட்டில் பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அதில் ஊற்றி, மேலே உட்கார வேண்டும். அது நுரைத்துப் பொங்கி, உடம்பைச் சுற்றி இருபது நிமிடத்தில் கெட்டியாகிவிடும். அதன் பிறகு எந்த வளைவிலும் உடம்பு அசையாது.

இரண்டு டப்பா வாங்கியிருந்தார். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு உனக்கு, உன் முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி. அந்த சோபாவைத் தூக்கிப் போட்டுடலாம், அப்படி இருக்கும்." ஒரு வாரமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டப்பாவின் மேல் என் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தார்.

முதல் அச்சு கெட்டுப்போனது. ஊருக்கெல்லாம் பல் அச்சு எடுத்துக் கொடுக்கிற மனிதர், தன் உடம்புக்கு எடுக்கும்போது மேஜையில் உட்கார்கிற மாதிரியே உட்கார்ந்துவிட்டார். தோள் குறுகி, கழுத்து முன்னால் நீண்டு, ஏதோ கடைவாய்ப்பல்லைத் தேய்க்கிறவர் போல. அது அவருக்கே தெரியவில்லை. கெட்டியான பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கு நேரே டாஷ்போர்டுதான் இருக்கிறது, ரோடு இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரும் சிரித்தார். பிறகு இரண்டாவது டப்பாவைப் பார்த்தார்.

"உனக்கு அப்புறம் வாங்கிக்கலாம், என்ன?"

என்ன என்று கேட்டால் என்ன சொல்வது. கலக்கிக் கொடுத்ததும் நான்தான். மறுபடி குனிந்துவிடாமல் இருக்க, பின்னால் நின்றுகொண்டு இரண்டு தோளையும் இருபது நிமிடம் இழுத்துப் பிடித்தேன். அசைய முடியாததாலோ என்னவோ பேசினார். ஒரு வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. "செட் எவ்வளவு நல்லா பண்ணாலும் இன்னும் கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்கன்னுதான் வந்து நிப்பாங்க. ட்ராக்ல அப்படி யாரும் கேட்க மாட்டாங்க. நல்லா ஓட்டினா நல்லா ஓட்டினதுதான்." எனக்குப் பாவமாக இருந்தது. இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டேன். என் கை பட்ட இடம் அந்த அச்சில் எங்காவது இருக்கும்.

ஏப்ரல் 5, சனி

கீழே அதிர்வைத் தாங்கிக்கொண்டிருந்த ரப்பர் புஷ் எல்லாம் எடுத்துவிட்டுக் கெட்டியானதாக மாட்டியாயிற்று. இப்போது ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் என் முதுகுக்கு நேரடியாகத் தெரியும்.

ஏப்ரல் 12, சனி

காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் என் சீட்டு தரையில் கிடந்தது. வெயிலில்.

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா. டைமிங் பார்த்துட்டுத் திரும்ப மாட்டிடுறேன். நாலு போல்ட்டுதானே." பிறகு, நிஜமான ஆர்வத்தோடு, "எவ்வளவு இருக்கும்னு பார்த்துச் சொல்லேன்."

பையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துச் சொன்னேன். 16 கிலோ 400. ஏன் சொன்னேன்? தராசு இருந்தது, பொருள் இருந்தது. பாழாய்ப்போன பழக்கம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பஸ். நின்றுகொண்டு.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று கேட்டே விட்டேன். பதின்மூன்று நாளாகிறது, சீட்டை எப்ப மாட்டுவீங்க?

"நாலு போல்ட்டு. அதுக்கு ஒரு பேச்சா?"

அதைத்தானே நானும் கேட்கிறேன். நாலே போல்ட்டு. சீட்டு எனக்குப் பெரிதில்லை— இல்லை, பெரிதுதான், ஏன் பெருந்தன்மை காட்ட வேண்டும். அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த நேரம். வீட்டில் இவர் கை மேஜையில், கண் வண்டியில். என்னத்துக்கு இந்த மனுஷனுக்குப் புரியமாட்டேங்குது? சொன்னால்தான் புரியும் என்றால், சொல்லிப் புரிய வைத்து என்ன கிடைக்கப்போகிறது?

சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன், கொஞ்சம் சத்தமாக.

மே 4, ஞாயிறு

நான்கு மேடைத் தராசு வேண்டும் என்றார். ஒரு சக்கரத்துக்கு ஒன்று. நேற்றே நான்கையும் சோதித்து, ஆபீஸ் வேன்காரரோடு காலையில் கொண்டுவந்து இறக்கினேன். இதைச் செய்தால் சீட்டையும் மாட்டிவிடுவார் என்று ஒரு நப்பாசை. சீட்டோடு சேர்த்துத்தானே எடை பார்க்க வேண்டும், ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால்?

முறை இதுதான்: ஓட்டுகிறவர் எடைக்கு மணல் மூட்டையை அவர் சீட்டில் வைக்க வேண்டும். வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஒரு ஜோடி; மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. ஸ்பிரிங்குக்கு அடியில் உள்ள வளையத்தைத் திருகித் திருகி இரண்டு ஜோடியையும் சமமாக்க வேண்டும். அப்போதுதான் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். இவர் எடை 83. மணலை நான்தான் அளந்து கட்டினேன். நான் எண்ணைப் படிக்க, இவர் திருக, ஸ்டாப்வாட்ச் எழுத, நான்கு மணி நேரம். கடைசியில் இரண்டு ஜோடிக்கும் அரைக் கிலோகூட வித்தியாசம் இல்லை. ஸ்டாப்வாட்ச் கை தட்டினார்.

நான் கேட்டேன், "இடது சீட்டை மாட்டி, நான் உட்கார்ந்தும் ஒரு தடவை பார்த்துடலாமாங்க?"

இவர் வளையத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ உட்கார்ந்தா இவ்வளவு நேரம் பண்ணது அத்தனையும் வீணாப் போயிடும்மா."

கோபமில்லை, குத்தலில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். கணக்குப்படி அது சரியும்கூட. ஸ்டாப்வாட்ச்தான் சங்கடப்பட்டு, ஓடாத கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளின் அடியில் சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பழக்கம்.

மே 5, திங்கள்

நான்கு தராசுகளையும் இன்று மறுபடி சோதித்தேன். எதிலும் பிழை இல்லை.

மே 17, சனி

வேன்காரரை வரச் சொன்னேன். துணி இரண்டு பெட்டி, புத்தகம் ஒரு பெட்டி, சீட்டு.

மேஜையிலிருந்து எழுந்து வந்தார். கையில் யாருடைய கீழ்த்தாடையோ. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஐந்து வாரமாக நான் பஸ்ஸில் போவதை எங்கோ வெளியூரில் நடந்ததைக் கேட்பதுபோல் கேட்டார். "சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்னேன் என்றேன். "இவ்வளவு பெருசுன்னு சொல்லலையே." அதுவும் நியாயம்தான். என்ன நியாயம், மண்ணாங்கட்டி. கட்டினவளுக்கு முதுகு வலிக்கும்னு எழுதிக் குடுக்கணுமா?

வேனில் ஏற்றும்போதுதான் பார்த்தார். "சீட்டை ஏன் எடுத்துட்டுப் போறே?"

"உங்களுக்குத்தான் அது அதிகப்படி வெயிட்டாச்சே."

அக்கா அவள் வீட்டு வாசலிலேயே நின்று பெட்டிகளை எண்ணினாள். "கோவிச்சுக்கிட்டு வர்றவ நகையைத் தூக்கிட்டு வருவா, புள்ளையைத் தூக்கிட்டு வருவா. நீ என்னடி, காரைப் பிரிச்சு எடுத்துட்டு வந்திருக்கே." பிறகு என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அறை. கீழே தையற்கடை, பகல் முழுக்க மெஷின் சத்தம். தச்சர் சீட்டுக்கு மரத்தில் கால் அடித்துக் கொடுத்தார். நாலு போல்ட்டு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பின்னுக்குச் சாய்க்கிற கைப்பிடியும் வேலை செய்கிறது. முன்னால் சுவர்தான் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்டாப்வாட்ச் போன் செய்தார். இரண்டு செகண்ட் மிச்சமாகும் என்றுதானே எல்லாம் பண்ணினோம், ஒன்றரை கூடியிருக்கிறதாம். "அவன் சரியில்லம்மா." நான் தராசு பார்ப்பவள், வைத்தியர் இல்லை என்றேன்.

அக்டோபர் 11, சனி

அவர் வந்தார். போன் செய்து, ஆபீஸ் விடுமுறைதானே, ஷெட்டில் ஒரு தடவை வண்டியை எடை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். வெளியாள் யார் கேட்டாலும் செய்து கொடுக்கிற வேலைதான். வரச் சொன்னேன்.

பழைய மணல் மூட்டைகளையே கொண்டுவந்திருந்தார். 83. நான் கட்டிய முடிச்சு அவிழாமல் இருந்தது. வண்டியை நான்கு தராசின் மேல் ஏற்றி, மூட்டையை வைத்துப் பார்த்தோம். இரண்டு ஜோடியும் மே மாதம் இருந்த அதே எண். அரைக் கிலோ வித்தியாசமில்லை.

"அப்ப ஏன் வண்டி எனக்குக் கேட்க மாட்டேங்குது? வளைவுல உடம்பு போய் ஒரு பக்கம் இடிக்குது. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் புரியல."

"மூட்டையை இறக்குங்க. நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். நான்கு எண்ணையும் கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். பதினொன்றரைக் கிலோ குறைவு. 71 கிலோ 500.

குனிந்து அவருடைய தோளுக்கும் அச்சுக்கும் நடுவில் கை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் தாராளமாகப் போயிற்று. அன்று நான் இழுத்துப் பிடித்த அதே தோள். சாப்பிடுகிறீர்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார், "சீட்டைக் குடு. மாட்டிடுறேன். நாலு போல்ட்டுதானே."

எத்தனை நாள் இதைக் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்டதும் முதலில் வந்தது கோபம். பிறகு வேறு என்னவோ வந்தது, அதற்குள் போகவில்லை. ஏனென்றால் அப்போதும் அவர் சீட்டைத்தான் கேட்டார்.

"வண்டியில ஒண்ணும் மாறலைங்க. உங்க எடைதான் மாறியிருக்கு. இந்த எடைக்கே செட் பண்ணிக்கலாம். அச்சும் புதுசா எடுத்துக்குங்க. நிமிர்ந்து உட்காருங்க, குனிஞ்சுடாதீங்க."

"யார் பிடிச்சுக்குவா?"

"ஸ்டாப்வாட்ச் இருக்காரே."

மூட்டையை அவிழ்த்து, இன்னொரு தராசில் வைத்து, 71 கிலோ 500 வரும் வரை மணலை வெளியே அள்ளினேன். மறுபடி கட்டினேன். அவர் இறங்கி, மூட்டையை ஏற்றி, வளையத்தைத் திருக ஆரம்பித்தார். நான் எண்ணைப் படித்தேன். ஒரு மணி நேரத்தில் சமமாகிவிட்டது. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பை முன்பெல்லாம் இவ்வளவு தொங்கியதில்லை.

வண்டி ஷெட் வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது சத்தத்திலேயே தெரிந்தது. பதினொன்றில்தான் வைத்திருக்கிறார்.

அக்டோபர் 13, திங்கள்

ஆபீஸ். கடைத் தராசு ஆறு, மருந்துக்கடைத் தராசு இரண்டு. மருந்துக்கடையுடையது ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

அள்ளிய பதினொன்றரைக் கிலோ மணல் ஒரு வாளியில் ஷெட் மூலையில் இருக்கிறது. வேன்காரர், "இதைக் கொட்டிடவாம்மா?" என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றேன்.